‘வற்றும்’ என்று எழுதப்பட்ட ஓடை

வால்நட் இடுக்கு
9 மார்ச் 2004

என் தலைப்பிரட்டைக்கு,

உன் அக்கா ஓர்லீன் எழுதுவது. நான் சுகமாகவே இருக்கிறேன், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் ஜெனிஸும் சுகமா? முப்பத்தெட்டு வயசு ஆகிவிட்டது, ஆபீசில் எல்லோரும் மிஸ்டர் டென்சில் என்கிறார்கள், இன்னமும் தலைப்பிரட்டையா என்று முகத்தைச் சுளிக்காதே. அம்மா போன பிறகு ஓடையே கதியென்று கிடந்த உன்னைக் காதைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்து வளர்த்தவள் நான். எனக்கு நீ வேறு எதுவாகவும் ஆகவில்லை.

போனில் கேட்கலாம்தான். போனில் நீ “சரிக்கா, சரிக்கா” என்று சொல்லியே வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். ஆறாவதோடு நின்ற கை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

தபாலாபீஸ் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். நிலக்கரிக் கம்பெனி மேலே மலையை உச்சியிலிருந்து வெட்டப் போகிறதாம். வெட்டின கல்லையும் மண்ணையும் “பெயரில்லாத கிளை ஓடை எண் 3” என்பதில் கொட்டுவார்களாம். அது எங்கே இருக்கிற ஓடை என்று தபாலாபீஸ் நடீனைக் கேட்டேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படத்தைப் பார்த்தாள். “ஓர்லீன், இது உங்க வீட்டுக்குப் பின்னால ஓடுறதுதான்” என்றாள்.

பெயரில்லாததாம். ஆறு வீடு இருக்கிற மலையிடுக்கில் ஒரே ஒரு ஓடை. அதற்கு எதற்குப் பெயர்? ஓடைக்குப் போகிறேன் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

போன கோடையில் ஒரு பெண் வந்தாள். ரப்பர் பூட்ஸ், கையில் அளவுகோல், பை நிறையக் குப்பிகள். வெயிலில் சிவந்து போயிருந்தாள். பாவமாக இருந்தது, கூப்பிட்டு உட்காரவைத்துச் சோளரொட்டியும் மோரும் கொடுத்தேன். “வருஷம் பூரா தண்ணி ஓடுமாம்மா?” என்று கேட்டாள். சொன்னேன். நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டாள். கம்பெனி அனுப்பின ஆள் என்று எனக்கு அப்போது தெரியாது.

நீ இருப்பது மாநிலத் தண்ணீர் அலுவலகம். இது உங்கள் கண்ணுக்கு வருமா? தடுக்க முடியுமா? எனக்கு அந்த ஓடையில் என்ன இருக்கிறது என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. ஜெனிஸுக்கு என் அன்பு.

ஓர்லீன்


தலைநகரம்
2 ஏப்ரல் 2004

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்குச் சுடுநீர் ஒத்தடம் கொடு. ஜெனிஸ் சுகம், உன்னை விசாரித்தாள்.

அந்தக் கோப்பு என் மேசைக்கே வந்திருக்கிறது. உனக்குப் புரியும்படி சொல்கிறேன். ஓடையில் எதையாவது கொட்ட மத்திய அரசின் அனுமதி வேண்டும். அதை ராணுவப் பொறியாளர் படை கொடுக்கிறது. ஆனால் அதற்கு முன்னால், இதனால் எங்கள் தண்ணீர் கெடாது என்று மாநிலம் சான்றிதழ் தர வேண்டும். நாங்கள் தரலாம், நிபந்தனை போட்டுத் தரலாம், மறுக்கலாம். நாங்கள் மறுத்தால் வாஷிங்டனாலும் அனுமதி கொடுக்க முடியாது.

ஆனால் ஒரு வருடம்தான் கெடு. விண்ணப்பம் வந்தது ஜனவரி 12. அடுத்த ஜனவரி 12க்குள் நாங்கள் ஒன்றுமே சொல்லாவிட்டால், சொல்லும் உரிமையை நாங்களே விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். வாய் திறக்காமல் இருந்தால் சம்மதம் என்றுதான் அர்த்தம்.

இன்னொன்று. விண்ணப்பத்தில் உன் ஓடையை மழைக்கு மட்டும் ஓடும் வடிகால் என்று காட்டியிருக்கிறார்கள். “அருகில் வசிப்பவர் கூற்றுப்படி ஆகஸ்டில் வற்றும்” என்று இருக்கிறது. வற்றுகிற ஓடையில் காப்பாற்ற எதுவும் இல்லை என்று சான்றிதழ் சுலபமாகப் போய்விடும்.

சொந்த இடம் என்பதால் கோப்பை வேறு ஒருவருக்கு மாற்றச் சொல்லி நான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை. இதை யாரிடமும் சொல்லாதே.

அன்புடன்
டென்சில்


வால்நட் இடுக்கு
9 ஏப்ரல் 2004

தலைப்பிரட்டை,

ஜெனிஸ் சுகம் என்று எழுதினாய். நீ எப்படி இருக்கிறாய் என்று எழுதவில்லை. அடுத்ததில் எழுது. இங்கே நான் சுகமில்லை, உன் கடிதத்தைப் படித்த பிறகு.

வற்றும் என்று நான் சொல்லவே இல்லை. “ஆகஸ்ட்ல ஓடை உறங்கிடும்” என்றுதான் சொன்னேன். நம் இடுக்கில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். மேலே வெறும் கல், அடியிலே தண்ணீர். அந்தப் பெண் சமவெளி ஊர்க்காரி, அவளுக்கு என்ன தெரியும். அவள் தன் பாஷையில் எழுதிக்கொண்டு போய்விட்டாள். உனக்குத் தெரியுமே.

வற்றின ஓடை என்று அரசாங்கக் காகிதத்தில் இருந்தால், என் டார்லா எதில் போனாள்? ஆறு வயசுப் பிள்ளை வெறும் கல்லில் மூழ்கினாளா?

அவள் கல்லறை சர்ச் மேட்டில் இருக்கிறது. பூ வைக்கிறேன், புல் செதுக்குகிறேன். ஆனால் அவள் அங்கே இல்லை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, ஹோபர்ட் உயிரோடு இருந்தபோது கட்டின புருஷனான அவரிடம்கூட. ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஓடை உறங்கின பிறகு போய்க் கல்லின் மேல் படுத்துக் காதை வைப்பேன். அடியில் ஓடுகிற தண்ணீரின் சத்தம்தான் அது, எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. ஆனால் கண்ணாமூச்சி ஆடும்போது அவள் கன்னத்தில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு எண்ணுவாளே, அந்த மாதிரியே இருக்கும். பன்னிரண்டுக்கு அப்புறம் அவளுக்குத் தடுமாறும். அடியிலேயும் தடுமாறும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

அதன் மேல் ஒரு மலையைக் கொட்டினால் நான் எங்கே போய்க் காதை வைப்பேன்?

நீ அந்த வார்த்தையை மாற்றிக் கொடு. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஓர்லீன்


தலைநகரம்
30 மே 2004

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். கல்லறைக்குப் பூ வைக்கிற ஞாயிற்றுக்கிழமைக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன், வர முடியவில்லை. எனக்கும் சேர்த்து நீ வைத்திருப்பாய்.

எங்கள் படிவத்தில் மூன்றே கட்டங்கள். எப்போதும் ஓடுவது, பருவத்துக்கு ஓடுவது, மழைக்கு மட்டும் ஓடுவது. உறங்குவது என்று ஒரு கட்டம் இல்லை. அதனால் வார்த்தையை மட்டும் மாற்றினால் போதாது, சாட்சி வேண்டும்.

ஒரு வேலை செய். ஆகஸ்டில் ஓடை முழுக்க உறங்கின பிறகு, படுகையில் முழங்கை ஆழம் கல்லை எடுத்துப் பார். அடியில் தண்ணீர் இருக்கும் இடத்தில் கற்களின் அடிப்பக்கத்தைத் தடவு. தட்டையாக, பின்னால் இரண்டு வால் உள்ள பூச்சிகள் ஒட்டியிருக்கும். சின்ன வயதில் நான் தூண்டிலில் மாட்டுவேனே, அதேதான். அவை இறக்கை முளைக்கும் முன் இரண்டு வருடம் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். ஒரு நாள் காய்ந்தாலும் செத்துவிடும். அவை இருந்தால் ஓடை வற்றியதே இல்லை என்று அர்த்தம். எந்தக் கம்பெனியும் அதோடு வாதாட முடியாது.

ஒரு குப்பியில் மருந்துக்கடை ஸ்பிரிட்டை ஊற்றி அதில் போட்டு அனுப்பு. தேதியும் இடமும் எழுதி ஒட்டு.

நானே வந்து எடுத்திருக்க வேண்டும். ஆகஸ்டில் என்னால் அங்கே வர முடியாது, அக்கா. உனக்குத் தெரியும்.

டென்சில்


வால்நட் இடுக்கு
27 ஜூன் 2004

என் தலைப்பிரட்டைக்கு,

சுகம்தானே? இந்தத் தடவையும் உன் உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. ஈஸ்டருக்கு ஜெனிஸ் அனுப்பின போட்டோவில் உன் சட்டைக் காலர் கழுத்தில் தொங்குகிறது. அவள் சமையலா, உன் வேலையா?

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் கம்பெனிக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். டோனட்டும் காப்பியும் கொடுத்தார்கள். டை கட்டின ஒருவர் படத்தைக் காட்டிப் பேசினார். நானும் எழுந்து நின்றேன்.

“ஐயா, அது வத்துற ஓடை இல்ல. அது உறங்கும், அவ்வளவுதான்” என்றேன்.

அவர் சிரித்த முகமாகவே, “அம்மா, தண்ணி இல்லாட்டி அதை நாங்க வத்தினதுன்னுதான் சொல்லுவோம்” என்றார்.

பின்னாலிருந்து டெல்பர்ட், அவன் மகனுக்குக் கம்பெனியில் புல்டோசர் வேலை சொல்லியிருக்கிறார்கள், “ஓர்லீன், உன் ஓடை தூங்குதுன்னா நல்லதுதானே, கம்பெனி அதுக்குப் போர்வை போர்த்திவிட வர்றாங்க” என்றான். கூடமே சிரித்தது.

நான் சும்மா இருப்பேனா? “டெல்பர்ட், ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல நீயுந்தான் உறங்குறே. செத்துட்டான்னு சொல்லி மண்ணள்ளிப் போட்டோமா?” என்றேன். அதற்கும் சிரித்தார்கள், அவன் பெண்டாட்டிதான் ரொம்பச் சிரித்தாள். ஆனால் வெளியே வரும்போது ஒருவரும் என்னோடு கூட நடக்கவில்லை. அவரவர் வீட்டில் ஒரு பிள்ளை வேலையில்லாமல் இருக்கிறான். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

பூச்சி எடுத்து அனுப்புகிறேன். எழுது.

ஓர்லீன்


வால்நட் இடுக்கு
17 ஆகஸ்ட் 2004

தலைப்பிரட்டை,

நீ பதில் போடவில்லை, பரவாயில்லை. இன்று என்ன தேதி என்று உனக்குத் தெரியும். வேறு நாளில் தோண்டலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஓடை நேற்றுத்தான் முழுக்க உறங்கியது.

மத்தியானம் போனேன். மேல் கல் சுட்டது, பாவாடையை மடித்து முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தேன். முழங்கை ஆழம் வந்ததும் கல் நிறம் மாறியது. அதற்கும் கீழே கையை விட்டேன். குளிர் கடித்தது. தண்ணீர் என் விரலைச் சுற்றிக்கொண்டு போனது.

உனக்குத்தான் சொல்ல முடியும். சின்னப் பிள்ளைக்கு நம் கை முழுசும் பிடிக்க வராது, இரண்டு விரலைத்தான் பிடிக்கும். அப்படி இருந்தது. ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. எடுக்கும்போது மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் எடுத்தேன். யாரிடம் என்று கேட்காதே.

பூச்சி இருந்தது. இரண்டு வால். ஒன்பது பிடித்தேன். ஸ்பிரிட்டில் போடும்போது மனசு கஷ்டப்பட்டது, அவையும் அடியில் நிம்மதியாக இருந்தவைதானே. எடுத்த கல்லையெல்லாம் இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டு வந்தேன்.

நடீன் பெட்டியைக் குலுக்கி, “இதுல என்ன?” என்று கேட்டாள். “சாட்சிங்க, ஒன்பது பூச்சி” என்றேன். “கால் முளைச்ச சாட்சியா? ஓர்லீன், நீ ஒரு நாள் என்னையும் கோர்ட்டுக்கு இழுக்கப்போறே” என்று சொல்லி முத்திரை குத்தினாள்.

கிடைத்ததும் ஒரு வரி போடு. நீ சாப்பிடுகிறாயா?

ஓர்லீன்


தலைநகரம்
22 செப்டம்பர் 2004

அன்புள்ள அக்கா,

குப்பி உடையாமல் வந்தது. ஒன்பதும் இரண்டு வருடப் பூச்சிகள்தான், பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டேன். ஒன்றுக்கு இறக்கை உறை கறுக்க ஆரம்பித்திருக்கிறது, வரும் வசந்தத்தில் பறந்திருக்கும். இது போதும். மறுப்புக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். உறங்கும் என்றால் என்ன என்பதையும் விளக்கி எழுத வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனி வக்கீல்கள் உன் கூற்றையே பிடித்துக்கொள்வார்கள். அந்த ஒரு பத்திதான் வரமாட்டேன் என்கிறது.

என் எழுத்து கோணலாக இருந்தால் பேனாவின் கோளாறு.

ஒன்று கேட்க வேண்டும். இத்தனை வருடம் கேட்டதில்லை. அன்றைக்கு, தண்ணீர் வருவதற்கு முன்னால், நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய்?

டென்சில்


வால்நட் இடுக்கு
3 அக்டோபர் 2004

என் தலைப்பிரட்டைக்கு,

உன் கடிதம் வந்ததில் எனக்கு உயிர் வந்தது. நான் சுகம். முதல் உறைபனி சீக்கிரம் வரும் போலிருக்கிறது, பீன்ஸை எல்லாம் பறித்து நூலில் கோத்துத் தொங்கவிட்டேன். டெல்பர்ட் பெண்டாட்டி ஒரு கூடை ஆப்பிள் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுக் கூப்பிடாமல் போய்விட்டாள். அவன் அனுப்பியிருக்கமாட்டான், அவளாகத்தான் கொண்டுவந்திருப்பாள். சர்ச் கூரைக்குத் தகரம் மாற்றுகிறார்கள். நாய்க்குக் காது புண் ஆறிவிட்டது.

மறுப்பு எழுதுவதாகச் சொன்னதைப் பத்துத் தடவை படித்தேன். கையெழுத்துப் போட்ட அன்று எனக்கு ஒரு கார்டு போடு, நடீன் முன்னாலேயே பிரித்துப் படிக்கிறேன்.

நீ கேட்டாயே, நான் அடுக்களையில் இருந்தேன். உள்ளே வேலையாக இருந்தேன், ஒன்றும் காதில் விழவில்லை. அதைப் பற்றி இப்போது என்ன?

பனிக்காலம் வருகிறது, கம்பளிச் சட்டை போட்டுக்கொள். ஜெனிஸை விசாரித்தேன் என்று சொல்.

ஓர்லீன்


வால்நட் இடுக்கு
20 டிசம்பர் 2004

தலைப்பிரட்டை,

சுகமா என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது. கார்டு வரவில்லை. மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் ஜெனிஸ் எடுத்து, “குளிக்கிறார் அண்ணி” என்றாள். எவ்வளவு அழுக்கடா உன் மேல்? ஜனவரி 12க்கு இன்னும் இருபத்துமூன்று நாள்தான். எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து. ஒரு வரி போதும்.

ஓர்லீன்


வால்நட் இடுக்கு
17 ஜனவரி 2005

டென்சிலுக்கு,

தபாலாபீஸ் சுவரில் புதுக் காகிதம். சட்டப் பாஷை எனக்கு வாசிக்க வராது என்று நினைத்து நடீன் மெதுவாகப் படித்துக் காட்டினாள். “மாநிலம் குறித்த காலத்தில் பதில் அளிக்காததால் சான்றிதழ் உரிமை கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது.” நீ சொன்னதுதான். வாய் திறக்காமல் இருந்தால் சம்மதம்.

மறுத்திருக்க வேண்டாம். தருகிறேன் என்று எழுதியிருந்தால்கூட, கம்பெனிக்குப் பயந்தான் என்று நினைத்து ஆறியிருப்பேன். நீ ஒன்றுமே சொல்லவில்லை. கையில் காகிதம், பூச்சி, ஒரு வருஷம், எல்லாம் இருந்தும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய்.

என் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று உன்னிடம் விட்டேனே, அன்றைக்கும் இப்படித்தான் இருந்தாய்.

எழுதிவிட்டேன். அதை அடித்து அழிக்கமாட்டேன்.

ஓர்லீன்


தலைநகரம்
10 பிப்ரவரி 2005

அன்புள்ள அண்ணிக்கு,

ஜெனிஸ் எழுதுவது. நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்தீர்களா, முழங்கால் எப்படி இருக்கிறது? அவர் அடக்கத்தன்று சர்ச்சில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர, என்னால் பேச முடியவில்லை. நீங்களும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

கணையத்தில் புற்று என்று ஜூலையில் சொன்னார்கள். வசந்தத்திலிருந்தே அவருக்குச் சந்தேகம் இருந்தது. உங்களிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். “அக்கா ஏற்கெனவே ஒண்ணைப் புதைச்சவ, அவ கையில இன்னொண்ணைக் கொடுக்காதே” என்றார். அதனால்தான் குளிக்கிறார் என்றேன். வேறு பொய் எனக்கு வரவில்லை, அண்ணி.

நவம்பர் 19 வரை ஆபீஸ் போனார். அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. கோப்பு தன்னிடமே இருக்கிறது, முடித்துவிடுவேன் என்று ஆபீசில் சொல்லியிருக்கிறார், அவர்களும் நம்பி விட்டுவிட்டார்கள்.

உங்கள் ஜனவரிக் கடிதம் வந்த அன்று அவருக்குக் கொஞ்சம் நினைவு இருந்தது. உறையைப் பார்த்ததும் படி என்று தலையாட்டினார். பிரித்து எனக்குள் படித்தேன். பிறகு வேறு ஒன்று படித்தேன். பனி அதிகம், நாய் சுகம், பீன்ஸ் வேகவைத்துச் சாப்பிடுகிறேன், உன்னை நினைத்துக்கொள்கிறேன் என்று நானாகவே சொல்லிக்கொண்டு போனேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், “இவ்வளவுதானா?” என்றார். இவ்வளவுதான் என்றேன். ஐந்தாம் நாள் போய்விட்டார்.

அவர் மேசையிலிருந்து வந்த பெட்டியில் உங்கள் குப்பியும் இந்தக் காகிதமும் இருந்தன. தேதி அக்டோபர் 11. மற்ற பக்கங்கள் அளவும் எண்ணும்தான். ஒரு பத்தியை மட்டும் உங்களுக்காகப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

“இப்பகுதி மக்கள் ஓடை ‘உறங்கும்’ என்று சொல்வது அது வற்றுவதை அல்ல. கோடையில் நீர் கற்படுகைக்கு அடியில் இறங்கி ஓடுவதையே அப்படிச் சொல்கிறார்கள். தலைப்பகுதியில் மழை பெய்தால் அது முன்னறிவிப்பின்றி எழும். 1985 ஆகஸ்ட் 17 பிற்பகல் ஓடை உறங்கிக்கொண்டிருந்தது, பின்னர் எழுந்தது. படுகையில் விளையாடிக்கொண்டிருந்த ஆறு வயதுச் சிறுமி இறந்தாள். ‘ஓடை உறங்குது, போய் விளையாடு’ என்று அவளிடம் சொன்னவர் இந்தக் குறிப்பை எழுதும் அலுவலர். இது வற்றாத ஓடை. சான்றிதழை மறுக்கப் பரிந்துரைக்கிறேன்.”

கீழே கையெழுத்துக் கோடு இருக்கிறது. கையெழுத்து இல்லை. ஆபீசில் கேட்டேன், கையெழுத்து இல்லாதது காகிதமே இல்லை என்கிறார்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி நாட்களில் அவர் உங்களை அக்கா என்று சொல்லவில்லை, அம்மா என்றுதான் சொன்னார்.

ஜெனிஸ்


வால்நட் இடுக்கு
6 மார்ச் 2005

என் தலைப்பிரட்டைக்கு,

எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியாமல் எழுதுகிறேன். நான் சுகம். உன் சுகத்தைக் கேட்கிற வேலை முடிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை லாரி வந்தது. முதலில் மரம், பிறகு கல். டெல்பர்ட் மகன்தான் புல்டோசரில் இருந்தான். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான், பிறகு மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தான். இந்த வசந்தத்தில் ஓடையில் தண்ணீர் நிறைய. மேலேயே ஓடிக்கொண்டிருந்தது, எல்லோரும் பார்க்கும்படி. அதன் மேலேயே கொட்டினார்கள். கல் விழும் சத்தத்தில் வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் வேலி ஓரத்தில் நின்று கேட்டுப் பார்த்தேன்.

உன் பத்தியை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். நடீனிடம் கொடுக்கவில்லை.

டென்சில், நான் அன்றைக்கு அடுக்களையில் இல்லை. பின்பக்கம் கொடியில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஓடை உறங்குது, போய் விளையாடு என்று நீ சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது. அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை, நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். அப்போது நான் மேலே பார்த்தேன். மலைத்தலையில் மேகம் கறுத்திருந்தது. நீ கரையில் படுத்திருந்த இடத்துக்கு மரம் மறைக்கும், உனக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு போர்வைதான் பாக்கி, அதை மாட்டிவிட்டு அவளைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். மாட்டினேன். மரக்கவ்வி ஒன்று கீழே விழுந்தது, அதையும் குனிந்து எடுத்தேன்.

பத்தொன்பது வருஷம் நீ உன்னையே குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருந்தாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் தப்பு இல்லை என்று ஒரு தடவைகூட நான் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் அதைச் சொன்னால் இதையும் சொல்ல வேண்டும். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று உங்கள் சட்டம் சொல்கிறது. அப்படியானால் நான் எதற்கெல்லாம் சம்மதித்திருக்கிறேன் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

கடைசியில் நீயே கேட்டாய், எங்கே நின்றாய் என்று. எவ்வளவு தைரியம் சேர்த்துக் கேட்டிருப்பாய். அடுக்களை என்று எழுதிவிட்டேன், ஒன்றும் காதில் விழவில்லை என்று. அது உன் கைக்கு வந்த நாலைந்து நாளில் பத்தியை முடித்திருக்கிறாய். அதற்குப் பிறகு முப்பத்தொன்பது நாள் ஆபீஸ் போயிருக்கிறாய், அது உன் மேசையில் இருந்திருக்கிறது. நீ கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தக் காகிதம் தபாலாபீஸ் சுவருக்கு வந்திருக்கும், நடீன் எனக்குப் படித்துக் காட்டியிருப்பாள். நான் கேட்கவில்லை என்று நீ நினைத்த வார்த்தையை முதல்தடவையாக அந்தச் சுவரில் நான் கேட்டிருப்பேன். அதற்காகத்தான் பேனாவை எடுக்காமல் இருந்தாயா என்று தினமும் நினைக்கிறேன். இல்லை, அப்போதே கைக்கு வலுவில்லாமல் போய்விட்டதா என்றும் நினைக்கிறேன். ஒரு நாள் ஒன்று சரி என்று படுகிறது, மறுநாள் மற்றது.

என்னிடம் மறைக்க நினைத்து ஓடையை விட்டாய் என்றால், ஓடையை மூடியது கம்பெனி இல்லை, என் ஒரு வரிதான். அது மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும். சொல்லு தலைப்பிரட்டை, நான் அடுக்களையில் இருந்தேன் என்று எழுதினதை நீ நம்பினாயா?